சோக் போட்டாச்சா?

திருச்சியில் குளிர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று உண்டென்றால் அது மார்கழியில்தான். அதுவும் பஜனை கோஷ்டி தெருமுனையைத் தாண்டும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வெயில் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் 1980களில் எங்கள் தெருவில் ஸ்கூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும், கத்திரி உச்சத்தில் இருந்த நாட்களிலும், வண்டியை எடுக்குமுன் குனிந்து ஒரு குமிழை இழுத்தார்கள். அதன் பெயர் சோக். குளிரில் விறைத்துக் கிடக்கும் எஞ்சினை எழுப்புவதற்காக ஏற்பட்ட பொருள் அது. தார் இளகும் மதியத்தில் அதை இழுப்பதற்கு எங்களிடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்று: சோக் போடாமல் எப்படி வண்டி எடுப்பது?

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பெரிய பழுதுகளுக்கு இறங்கி வருவது அங்கேதான். அப்பா அவற்றைத் தொட்டதில்லை. அவர் இருந்தது கணக்குப் பிரிவில். ஆனாலும் தெருவில் எந்த வண்டி நின்றுபோனாலும் “நகருங்க, நான் பொன்மலை” என்று முன்னால் வருகிற உரிமை அவருக்கு இருந்தது. பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து சொந்த ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்ததும் அந்த உரிமைக்கு ஒரு மேடையும் கிடைத்தது.

காலையில் வண்டி எடுக்கும் முறை மாறாது. முதலில் பெட்ரோல் குழாயைத் திறப்பார். பிறகு எஞ்சின் இருக்கும் வலது பக்கமாக வண்டியை ஒரு சாய்ப்புச் சாய்ப்பார். அடுத்து சீட்டுக்குக் கீழே இருந்த குமிழை இழுத்து, “சோக் போட்டாச்சு” என்று யாரிடம் என்றில்லாமல் அறிவிப்பார். கடைசியாக, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைப்பார். எஞ்சின் ஒருமுறை இருமும். மறுபடி உதைப்பார். அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளைப் புகை ஒன்று கிளம்பி எங்கள் வாசலைக் கடந்து எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் படரும். அம்மாவுக்கு அதுதான் சமிக்ஞை. சாப்பாட்டுக் கூடையோடு வெளியே வருவாள்.

அதிர்ஷ்டம் இல்லாத நாட்களில் தெருவே வந்துவிடும். “ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு” என்று ஒருவர் சொல்வார். பிளக் ஸ்பானர் வெளியே வரும். கழற்றிய பிளக் பெட்ரோலில் குளித்திருக்கும். அதைத் துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, வெயிலில் காட்டி, மறுபடி மாட்டுவதற்குள் அலுவலக நேரம் தாண்டியிருக்கும். தாமதத்துக்கு அப்பா மேலதிகாரியிடம் சொன்ன காரணத்தில் எப்போதும் ஒரு தொழில்நுட்பச் சொல் இருந்தது. ரயில்வேக்காரர்கள் தொழில்நுட்பச் சொல்லை மதிப்பவர்கள். யாரும் மேலே கேட்டதில்லை.

சோக் என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு சித்தாந்தம் இருந்தது. அப்பாவைப் பொறுத்தவரை அது பெட்ரோலைக் கீழிருந்து மேலே இழுக்கும் கயிறு. தபாலாபீஸ் மாமா அதைக் காற்று வரும் ஜன்னல் என்றார். எஞ்சினின் தூக்கத்தைக் கலைக்கும் ஏதோ ஒரு மின்சார ஏற்பாடு என்று நம்பிய ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் பாடம் நடத்தியது பௌதிகம். பாலக்கரையில் எங்கள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் பாயிடம் தீர்ப்புக் கேட்டால், “சோக்குன்னா சோக்குதான் சார்” என்று பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். தெருவில் தவறே இல்லாத ஒரே விளக்கம் அவருடையதுதான்.

இந்த அமைதியைக் குலைத்தவன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்த நேர்வீட்டுப் பையன். ஒருநாள் அப்பா உதைத்து ஓய்ந்த வேளையில், கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

“சார், நீங்க இழுக்கறது சோக்கே இல்ல.”

அப்பா குனிந்து பார்த்தார். குமிழுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் சோக் என்றே பொறித்திருந்தது. “அப்போ கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்றார்.

அவன் சொன்னதன் சாரம் இது. கார்புரேட்டரின் வேலை, காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது. எஞ்சின் உறிஞ்சும் காற்று போகும் குழாய் ஓரிடத்தில் குறுகும். அங்கே காற்று வேகம் பிடிக்கும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். இதை ஆராய்ந்த இத்தாலியர் ஜொவான்னி வெஞ்சூரியின் பெயரால் அந்தக் குறுகலுக்கே வெஞ்சூரி என்று பெயர். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில், கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், ஜெட் எனப்படும் மெல்லிய துளை வழியே ஏறித் தூறலாகத் தெறிக்கும். கிண்ணத்தில் மிதவை வைத்துப் பெட்ரோலின் மட்டத்தைக் காத்து, துளை வழியே தெளிக்கும் இந்த ஏற்பாட்டை 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் செய்துகாட்டினார். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுக்க எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இந்தக் கணக்கு சரிப்படும். குளிர்ந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆவியாகிற கொஞ்சம், பொறி பட்டால் பற்றிக்கொள்ளப் போதாது. ஆகவே ஆரம்பத்தில் மட்டும் பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

கார்களில் இதற்காகக் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு வைத்தார்கள். குமிழை இழுத்தால் தகடு மூடிக்கொண்டு காற்றை மறிக்கும். எஞ்சினின் உறிஞ்சல் முழுக்கப் பெட்ரோல் பக்கம் திரும்பும். மூச்சை அடைப்பதால் ஆங்கிலத்தில் அதற்கு சோக் என்று பெயர் வந்தது. ஆனால் நம்மூர் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இந்த அடைப்பு வேலையே கிடையாது. பக்கவாட்டில் தனியாக ஒரு சிறு வழியும் அதற்கென்று ஒரு ஜெட்டும் இருக்கும். குமிழை இழுத்தால் அந்த வழி திறந்து, அதிகப்படி பெட்ரோல் உள்ளே போகும். தொழில் தெரிந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஸ்டார்ட்டர். காற்றை மூடுகிற ஒன்றின் பெயரை, பெட்ரோலைத் திறக்கிற ஒன்றுக்குச் சூட்டி, ஊர் முழுக்க நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

பையன் அதோடு நிறுத்தியிருக்கலாம். “இன்னொண்ணு சார். அந்தச் சின்ன வழி வேலை செய்யணும்னா ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. முறுக்கினா பெரிய வாசல் திறந்துடும். உறிஞ்சறதெல்லாம் அந்தப் பக்கம் போயிடும். சோக் சும்மா இருக்கும்” என்றான். அதாவது அப்பா இத்தனை நாளும் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினான். குமிழை இழுத்தான்; ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, கிக்கரை ஒரே ஒரு மிதி. எஞ்சின் ஓடத் தொடங்கியது. தெரு வாயைப் பிளந்தது. அப்பா மட்டும் அசரவில்லை. “இவ்வளவு நேரம் நான் உதைச்சு சூடாக்கி வெச்சிருந்தேன். அதான் கிளம்பிடுச்சு” என்று வண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் முழுக்க முறுக்கித்தான் உதைத்தார். பையன் பக்கம் இருந்தது வெறும் அறிவியல். அப்பா பக்கம் பொன்மலை இருந்தது.

பெயர் விவகாரத்தைத் தீர்த்துவைத்தவள் அம்மா. சோக்கா ஸ்டார்ட்டரா என்று வாக்குவாதம் திண்ணை வரை வந்தபோது, “டியூப் லைட்டுல ரெண்டும் இருக்கே! அதுக்கும் எரியறதுக்கு முன்னால இதே ரகளைதானே?” என்றாள். அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று எங்கள் வீட்டில் இன்னொரு சோக்கும் இருந்தது. கூடத்து டியூப் லைட்டின் பட்டியில் கறுப்பாக, கனமாக. அது செம்புக் கம்பிச் சுருள். விளக்கு பற்றிக்கொள்ளும் நொடியில் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுத்து, பற்றியபின் மின்னோட்டம் கட்டுமீறாமல் பிடித்துவைக்கும். உண்மையில் மறிக்கிற வேலையைச் செய்த சோக், வீட்டில் அது ஒன்றுதான். அதன் பக்கத்திலேயே சின்னதாக, திருகினால் கழன்று வரும் ஸ்டார்ட்டரும் உண்டு. “ஒரு சோக் வாங்கிட்டு வா” என்று என்னைக் கடைக்கு அனுப்பினால், “நாற்பது வாட்டா, ஸ்கூட்டரா?” என்று கடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்த பையன்கள் எங்கள் தெருவில் நிறைய.

மூன்றாவது சோக் மெட்ராஸிலிருந்து வந்தது. பெரம்பூரில் வளர்ந்த சித்தப்பா மகன் கோடை விடுமுறைக்கு வந்தவன், துடைத்து நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, “வண்டி சோக்கா கீது பெரியப்பா” என்றான். அப்பா பதறிப்போய்க் குனிந்து குமிழைப் பார்த்தார். “இல்லியே, உள்ளே தள்ளிட்டேனே!” என்றார். அழகாக இருக்கிறது என்பதற்குப் பட்டணத்தில் இப்படியும் சொல்வார்கள் என்று அவருக்கு விளக்கியபிறகும், நான்கு பேர் எதிரில் அந்தப் பையன் வாயைத் திறந்தால் அப்பாவின் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய்வரும்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. எஞ்சின் சூடானதும் குமிழை உள்ளே தள்ள வேண்டும். அப்பா பல நாள் மறந்துவிடுவார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டே பொன்மலை வரை போகும். பிளக்கில் கரி ஏறும், மைலேஜ் விழும், மேட்டில் பிக்கப் இருக்காது. பாய் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே, “சோக்கு தொறந்தே ஓட்டியிருக்கீங்க” என்று சொல்லிவிடுவார். இந்த நோய்க்குறி எங்கள் வீட்டுப் பேச்சிலும் நுழைந்தது. சம்பளம் வந்த வாரத்திலேயே கையைக் காலியாக்கிவிடும் உறவினர் ஒருவரை அப்பா பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. “அவனுக்குச் சோக்கு தொறந்தே கெடக்கு” என்பார். அந்தச் சொல்லை அவர் துல்லியமாகப் பயன்படுத்திய ஒரே இடம் அது.

சோக்கின் உண்மையான தேவையை நான் பார்த்தது ஊட்டியில். கல்லூரி முடிந்த கையோடு நண்பர்கள் மோட்டார் சைக்கிள்களில் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினோம். குன்னூரைத் தாண்டியதுமே வண்டிகளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. திருச்சியில் கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால், சோக் போடாமலேயே பாதிச் சோக் போட்ட நிலைமைதான். அங்கே இருந்த மெக்கானிக் ஒருவர் ஒரு திருகை அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு, “கீழே போனதும் பழையபடி வெச்சுக்குங்க” என்றார்.

மறுநாள் விடிகாலை புல்வெளியில் உறைபனி. ஆயுளில் முதன்முறையாகச் சோக் என்ற ஒன்றுக்கு நியாயமான வேலை வந்தது. வண்டிக்குச் சொந்தக்காரன் பெருமிதத்தோடு நெம்புகோலைப் பிடித்தான். வெயில் காலமெல்லாம் இழுத்து இழுத்துத் தேய்ந்துபோயிருந்த அது, கையோடு கழன்று வந்துவிட்டது. பிறகென்ன, இறக்கத்தில் தள்ளிக்கொண்டு ஓடி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பினோம். ஊட்டியில் இறக்கத்துக்குப் பஞ்சம் இல்லை.

அதற்கப்புறம் சோக் மெல்ல மெல்ல எங்கள் கையைவிட்டுப் போனது. முதலில் ஆட்டோ சோக் என்று ஒன்று வந்தது. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு குப்பி, அதனுள் மெழுகு. வண்டி ஓடத் தொடங்கியதும் மின்சாரம் மெழுகைச் சூடாக்கும். மெழுகு விரிந்து ஓர் ஊசியைத் தள்ளி, அதிகப்படி பெட்ரோல் வழியை அடைக்கும். அப்பாவால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாததை மெழுகு ஞாபகம் வைத்துக்கொண்டது. 2000-ஐ ஒட்டி மாருதி 800-லும் கார்புரேட்டர் இல்லாத வகை வந்தது. கார்களின் முதுகில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் பட்டம் போல ஒட்டப்பட்டன. விரிவு தெரியாமலே எல்லோரும் அதை மரியாதையோடு உச்சரித்தோம். 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமரில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குள் கம்ப்யூட்டரா என்று சிரித்தவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தன. அந்தக் கண்டிப்பான கணக்குக்குக் கார்புரேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. டி.வி.எஸ். எக்ஸ்.எல். முதற்கொண்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து சென்னையில் கார்புரேட்டர் செய்துவந்த யூகால் போன்ற நிறுவனங்களும் புதுச் சாமான்களுக்கு மாறின. அதே 2020 ஜனவரியில் பஜாஜ் சேடக், மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. ஒரு தலைமுறையே முன்பதிவு செய்து காத்திருந்த பெயர், கார்புரேட்டர், கிக்கர், பிளக், சோக் என்று அதை நாம் அடையாளம் கண்டுகொள்ளும் எதுவுமே இல்லாமல்.

உறவினர் வீட்டில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்த அப்பா, அதை இரண்டு முறை வலம்வந்தார். “எங்க உதைக்கணும்?” என்றார். உதைக்க வேண்டாம் என்றார்கள். “சோக்கு?” இல்லை என்றார்கள். “அப்போ ஸ்டார்ட் ஆகலேன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். கூடியிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்வோம் என்று ஒரு குழந்தை சொன்னது. அப்பாவுக்கு அது பதிலாகவே படவில்லை. அவர் அறிந்த உலகத்தில் வண்டி கிளம்பவில்லை என்றால் மனிதன் செய்யவேண்டிய காரியங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் பாதி தவறு என்பது வேறு விஷயம்.

என்னுடைய நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் இந்த வரலாற்றைக் கண்ணீரோடு சொல்வார்கள். “கார்புரேட்டர் வண்டிக்கு உயிர் இருந்துச்சு சார். காதை வெச்சுக் கேட்டா சொல்லிடலாம்” என்பார் ஒருவர். அவருடைய ஸ்கூட்டர் நின்றுபோன காலைகளில் காதை வைத்தவர் பாய். கூட்டாளி ஆட்டோ பிடித்து அலுவலகம் போய்விடுவார். அந்த உயிருள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறியது. கூடவே கொஞ்சம் எண்ணெயும். அதற்கு மேல் சோக்கையும் திறந்துவைத்து நாங்கள் ஊரைச் சுற்றியதில், எதிர்வீட்டுக் கோலத்துக்கு மட்டும்தான் உண்மை தெரிந்திருக்கும்.

வயதானவர்களாவது பரவாயில்லை. 1996-இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ, அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த பையன்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். புதுவண்டி விலை கொடுத்து, அதற்கு மேலும் செலவழித்து, கார்புரேட்டரைப் பளபளவென்று தேய்த்துவைக்கிறார்கள். காலையில் சோக் நெம்புகோலைத் தூக்குவதை நெருக்கத்தில் படமெடுத்து, இசை சேர்த்து வெளியிடுகிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். எத்தனாலுக்கு எடையில் ஒன்பது பங்கு காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் கொடுக்கும் அளவு அதற்குப் பற்றாது. அதனால் சிலர் ஜெட்டையே மாற்றிக்கொள்கிறார்கள். அப்பா காசு கொடுத்தாவது தொலைத்துவிட நினைத்த தொல்லையை, இந்தப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர்கள் யாரும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு உதைப்பதில்லை, கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த ஐ.டி.ஐ. பையனின் மாணவர்கள் இவ்வளவு தாமதமாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

சோக் ஒழிந்துவிட்டதா என்றால், பெயரும் பிடியும்தான் ஒழிந்தன. வேலை அப்படியே இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு இன்றும் அதிகப்படி பெட்ரோல் வேண்டும். வெப்பத்தை அளக்கும் ஓர் உணரி, எஞ்சின் எவ்வளவு சூடு என்று கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லும். கணினி அதற்கேற்ப இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சில மில்லி நொடிகள் நீட்டும். சூடேற ஏறக் குறைத்துக்கொள்ளும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி, காற்றும் பெட்ரோலும் கணக்குக்கு எரிந்தனவா என்று பார்த்துச் சொல்லும். காலையில் புது ஸ்கூட்டர் முதல் சில நிமிடங்கள் கொஞ்சம் வேகமாக உறுமுவதும் இதனால்தான். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று சோக்கை இழுத்து, மறக்காமல் உள்ளே தள்ளுகிறது. ஊட்டிக்குப் போனாலும் திருகைத் திருப்ப ஆள் தேட வேண்டாம்.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, சென்னையில் ஒரு மே மாதம், என் ஸ்கூட்டரின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. மைலேஜ் விழுந்திருந்தது. புகையில் பெட்ரோல் வாசனை. தெருவில் யாரும் கூடவில்லை. கூடினாலும் சொல்ல யாரிடமும் சித்தாந்தம் இல்லை. அன்று எங்கள் அறியாமைக்கு இழுத்துப் பார்க்க ஒரு குமிழாவது இருந்தது. இன்று அதற்கு இருப்பது ஒரு விளக்கு மட்டும். அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டரில் இளைஞர் ஒருவர் வண்டியின் வயிற்றில் ஒரு கேபிளைச் செருகினார். திரையில் ஓர் எண் வந்தது. பிளக்கைக் கழற்றவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

“டெம்பரேச்சர் சென்சார் சார். தப்பா ரீடிங் குடுக்குது. இன்ஜின் ஜில்லுனு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு சிஸ்டம் பெட்ரோலைக் கூட்டிக் குடுத்துட்டே இருக்கு.”

வெளியே தார் ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் ஸ்டேஜ் விதிகளின்படி, உணரிகளும் கணினியும் வைத்து, நாடு முழுக்க யோசித்துச் செய்த வண்டி, சென்னைக் கத்திரியில் சோக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அப்பாவின் வேலையைப் பிடுங்கிக்கொண்ட கணினி, அவருடைய பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

கழற்றிய சென்சாரைக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு பித்தளைத் துண்டு. “சுத்தம் பண்ணிப் போட முடியாதா?” என்று கேட்டேன்.

“இதைத் திறக்கவே முடியாது சார். மாத்திட வேண்டியதுதான்.”

பில் அச்சாகி வந்தது. சாமானின் பெயர், எண், வரி, கூலி எல்லாம் வரிவரியாக, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. பாய் எனக்கு எந்தக் காலத்திலும் பில் கொடுத்ததில்லை. அவரிடம் கிடைத்தது அரைமணி நேர விவாதம். அதில் அப்பாவும் பேசுவார், நானும் பேசுவேன், டீ வாங்கிவந்த பையனும் பேசுவான். இந்த இளைஞர் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தானோ என்னவோ அதில் நான் பேசுவதற்கு இடமே இல்லை. இருந்தாலும் சும்மா போக மனம் வராமல், “அப்போ சோக் திறந்தே இருந்திருக்குன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். நன்றாகப் படித்த, மரியாதையான பையன். உண்மையிலேயே யோசித்தார்.

“சோக்குன்னா... எங்க தாத்தா வீட்டு டியூப் லைட்டுல இருக்குமே, அதுவா சார்?”

ஸ்டார்ட்டரையும் இழுத்துவிட்டால் அவருடைய சாப்பாட்டு நேரம் போய்விடும். “கிட்டத்தட்ட அதேதான்” என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போனேன்.